திலக்ஷனின் உச்சஸ்தாயி

திலக்ஷனுக்குப் பாட வராது. இது ரகசியமில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அவனைப் பெற்ற வீரம்மா அக்காவே சொல்வார். ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கிட்டார் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். அதனால் எங்கள் ரொக் குழுவுக்கு அவன் பாடகன். சுமன் கீபோர்டு. காலிப் பூச்சிமருந்துப் பீப்பாய்களைக் கவிழ்த்துப்போட்டு அடித்த நான் டிரம்ஸ். லிந்துலையில், பிள்ளைக்காம்பராவிலிருந்து தாய்மார் குழந்தைகளைக் கூட்டிப்போன பிறகு, தொட்டில்களுக்கு நடுவே நின்று ஒத்திகை பார்ப்போம். மூன்று வருடம் எங்களை யாரும் சீண்டவில்லை.

போன வருடம் மாரியம்மன் திருவிழாவில் ஒரு குளவி அவன் சட்டைக் காலருக்குள் புகுந்தது. பாட்டின் நடுவே அலறினான். ஏறிக்கொண்டே போன அலறல். கண்ணில் தண்ணீர் வேறு. யாரோ அதைப் போனில் பிடித்துப் போட, ஒரே வாரத்தில் நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். மலையகத்தின் இருநூறு வருட வேதனை அந்த ஒரு குரலில் ஒலிப்பதாகக் கொழும்பு விரிவுரையாளர் ஒருவர் எழுதினார். குளவியைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை.

அடுத்த கச்சேரி ஹட்டனில். ஜனம் அந்த அலறலுக்காகவே காத்திருந்தது. திலக்ஷனும் முயன்றான்; ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் வந்தது. பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மேடைக்குப் பின்னால் அவன் அழுததை என்னால் தாங்க முடியவில்லை. நான் தோட்டத்தில் மருந்தடிப்பவன்; எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அடுத்த மேடைக்கு ஒரு குளவியைத் தீப்பெட்டியில் கொண்டுபோய், காலரைச் சரிசெய்வதுபோல் உள்ளே விட்டேன். கச்சேரி பிரமாதமாக நடந்தது.

பிறகு வலப்பனை, கொத்மலை என்று ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். ரசிகர்களுக்கு ஒரு குளவி பழகிவிட்டது. இரண்டாக்கினேன், அப்புறம் ஐந்து. வீங்கிய முகத்தோடு ஒருநாள் கேட்டான்.

“ஜெரோமிண்ணே, என்னைய மட்டும் ஏண்ணே கொட்டுது?”

“ஒன் கொரலு அதுகளுக்குப் புடிச்சிருக்குடா.”

அவன் அதை நம்பினான். பேட்டிகளிலும் பெருமையாகச் சொன்னான்.

இனி ஒரு கொட்டு பட்டாலும் ஆள் பிழைக்க மாட்டான் என்று, வீக்கத்துக்கு ஊசி போட்ட டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். நான் அதை அவனிடம் சொல்லவில்லை. பயந்துபோனவனால் மனம்விட்டுப் பாட முடியாது.

நுவரெலியா விழாவில் பட்டப்பகலில் இருபதாயிரம் பேர். எங்களை லண்டனுக்கு அழைக்க வந்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஒன்றிரண்டு குளவியை நம்பி அவன் எதிர்காலத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. முழுக் கூட்டையும் பெரிய டிரம்முக்குள் வைத்தேன்; அதன் துவாரம் அவன் முதுகைப் பார்த்திருந்தது. நான் மருந்தடிக்கும் அங்கியும் முகமூடியும் போட்டிருந்தேன். ரசிகர்கள் அதற்கும் கைதட்டினார்கள். முதல் அடியிலேயே சுமன் மேடையிலிருந்து குதித்து ஓடிவிட்டான். அவனுக்கு அர்ப்பணிப்பு போதாது.

திலக்ஷன் அவ்வளவு உயரத்தை முன்பு தொட்டதே இல்லை. அவன் விழுந்ததும் கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. வீரம்மா அக்கா மட்டும் மேடையை நோக்கி ஓடிவந்தார். கொழுந்து பறிக்கையில் மூன்று முறை கொட்டு வாங்கியவர் அவர். யாரோ ரசிகை என்று காவலாளிகள் பிடித்துக்கொண்டார்கள்.

“அது பாட்டில்லீங்க. எம்புள்ள வலியில கத்துறான்.”

எனக்கு அது நன்றாகக் கேட்டது. பாட்டு முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது, அடித்து முடித்தேன்.

ஆமாம், கூட்டை வைத்தவன் நான். சாவான் என்று தெரிந்தேதான் வைத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். அக்கா சொன்னதை மட்டும் வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டாம், ஐயா. அவருக்குச் சங்கீதம் தெரியாது.