கட்டிப் பார்க்க ஒரு கை

மேடையில் வீற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, முன்வரிசையில் கனத்த மனத்தோடு அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அவர் மகளே, எங்கள் தெருக் கடைக்காரர்களே, தாய்மார்களே! பக்கத்துக் கடைத் தையற்காரனின் வணக்கம். மைக் பிடித்துப் பழக்கமில்லாதவன். கொஞ்சம் அளவு தவறிப் பேசினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நகைக்கும் கடிகாரத்துக்கும் வைத்தியர், நெற்றியில் ஏற்றிவிட்ட லென்ஸை இறக்காத நம் லென்ஸ் அண்ணன் மறைந்து இன்றோடு ஒன்பது நாள். எத்தனை பேரின் முதல் சம்பள வாட்ச், எத்தனை வீட்டு அம்மாவின் சங்கிலி அந்தக் கடைக்குள் போய் உயிரோடு திரும்பி வந்திருக்கிறது! யாராவது ஒருவர், ஒரே ஒருவர், கொடுத்தது கெட்டுப்போய் வந்தது என்று சொல்ல முடியுமா?

அதற்குக் காரணம் ஒரு தவறு. அண்ணனின் அப்பா கடை தொடங்கிய வருடம், ஒரு ரயில் ஓட்டுநரின் வாட்ச்சைப் பழுதுபார்த்துத் தன் கையிலேயே கட்டிப் பார்த்தார். ஒரு வாரம் பிசகாமல் ஓடியது. கொடுத்து அனுப்பினார். ஐந்தாம் நாள் ரயில் பத்து நிமிடம் தாமதம்! நடந்தது என்ன? கடை திறந்ததும் சுவரில் இருக்கும் கடிகாரங்களையெல்லாம் திருகிச் சரிசெய்வது அவர் பழக்கம். தினம் இரண்டு நிமிடம் பின்தங்கிய அந்த வாட்ச்சையும், அதே கைப்பழக்கத்தில் மணிக்கட்டில் இருந்தபடியே தினம் இரண்டு நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார். அவருக்கே தெரியாது!

அன்று வந்தது அந்தக் கடையின் சட்டம். பழுதுபார்த்தவர் கட்டிப் பார்க்கக் கூடாது, வீட்டில் இன்னொருவர்தான் மூன்று நாள் கட்டிப் பார்க்க வேண்டும். அப்பா பழுதுபார்த்தார், அம்மா முழங்கை வரை வாட்ச் கட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தார். பிறகு அண்ணன் பழுதுபார்த்தார், அண்ணி கட்டிப் பார்த்தார். நகைக்கும் அதே சட்டம்தான். அடுத்தவர் சங்கிலியைப் போட்டுக்கொண்டு மினுக்குகிறார் என்று அண்ணியைப் பேசிய வாய்களும் இந்தத் தெருவில் உண்டு. அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கடைசி ஐந்து வருடமாக அண்ணன் கையில் மூன்று வாட்ச் இருக்கும். ஒருநாள் கழுத்தில் பெண்கள் போடும் சங்கிலி வேறு! என்ன அண்ணே, மாப்பிள்ளை அலங்காரமா என்று கேட்டேன். "கொக்கி புடிக்குதான்னு பாக்கறேன். நீ போய் உன் காஜாவைப் பாரு" என்றார். சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அதற்கு மேல் யோசிக்க எனக்கு மூளை ஏது?

இப்போது வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். அண்ணன் போன நான்காம் நாள் மகள் கடையைத் திறந்தாள். அன்று வரிசையில் நின்ற நாங்கள் எதற்கு வந்தோம்? இனி யார் பார்ப்பது என்று, கொடுத்த பொருளை அப்படியே திருப்பி வாங்க வந்தோம். பதினேழு பேர். அதில் நானும் ஒருவன். பிறந்ததிலிருந்து என்னைச் சித்தப்பா என்று கூப்பிடும் பிள்ளை, என் வாட்ச்சை உறையில் போட்டு நீட்டியது. மறுநாளிலிருந்து ஷட்டர் திறக்கவில்லை. கடையை மூடிவிட்டு வெளியூரில் வேலை தேடப் போகிறாளாம்.

சமாதானம் சொல்ல வீட்டுக்குப் போனேன். அண்ணி உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அஞ்சு வருஷமா உங்க வாட்ச்சை யாரு கட்டிப் பாத்தா?"

"அண்ணன்தான்."

"அப்ப ரிப்பேர் பண்ணது யாரு?"

பெரியோர்களே! சட்டம் ஊருக்கே தெரியும். ஆதாரம் அவர் மணிக்கட்டிலேயே இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன்பே அண்ணனுக்குப் பார்வை மங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு திருகும், ஒவ்வொரு பற்றவைப்பும் மகளின் கை! "கேட்டா சொல்லிரலாம்னுதான் இருந்தாரு. ஒருத்தரும் கேக்கல" என்றார் அண்ணி. நாங்கள் எங்கே கேட்டோம்? பொண்ணுகிட்ட குடுத்துராதீங்க, நீங்களே பாருங்க என்றல்லவா சொல்லிவிட்டு வந்தோம்!

இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அண்ணன் மேல் கோபம். கேட்காவிட்டால் என்ன? தெருவில் நின்று கத்திச் சொல்லியிருக்க வேண்டாமா? அவர் கத்துகிற ஆளில்லை. மகள் பழுதுபார்த்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு தெருக்கோடி வரை போய் வருவார். எல்லோரிடமும் தானாகவே மணி சொல்வார். அது எவ்வளவு பெரிய பெருமை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

ஆகவே அன்பர்களே, அந்தக் கடையில் இன்று காலியாக இருப்பது ஒரே ஒரு வேலை. பழுதுபார்க்க மகள் இருக்கிறாள். சங்கிலிகளுக்கு அண்ணியின் கழுத்து இருக்கிறது. வாட்ச்சுகளுக்குத்தான் ஒரு மணிக்கட்டு வேண்டும்.

மகளே, திருப்பி வாங்கிப்போன வாட்ச் இதோ, உன் முன்னால் வைக்கிறேன். மற்ற பதினாறு பேரையும் நானே கூட்டி வருகிறேன். நாளைக்குக் காலையில ஷட்டரைத் தூக்கும்மா. சித்தப்பாவோட இடது கை சும்மாதான் இருக்கு.