கண்ணாடி அத்தையின் கடைசி வசனம்

ஒரே ஒரு ஊருல ஒரே ஒரு பங்களா, அந்தப் பங்களாவுக்குள்ள ஒரே ஒரு கண்ணாடி, அந்தக் கண்ணாடிக்குள்ள ஒரே ஒரு அத்தை... இப்படித்தாண்ணே நான் ஆரம்பிச்சேன். இதுல என்ன தப்பு, சொல்லுங்க. எட்டு மாசமா எழுதி, எல்லாத்தையும் முடிச்சு, இப்ப ஒரே ஒரு வசனம் பாக்கி. எட்டு விநாடி வசனம். அதைப் பேச மாட்டேன்னு ஒருத்தி, இதோ இந்த ஃபிளாட்டுல ஆறாவது மாடியில பெட்டி அடுக்கிக்கிட்டிருக்கா. நாலு மணிக்கு ஏர்போட்டுக்குப் போகக் காரு வருது. நான் கீழ டோபியில, காசு போட்டா மெஷின் துவைக்கிற கடையில, உக்காந்து சட்டை துவைக்கிறேன்.

ஒரு சட்டைதாண்ணே. ஏன் அப்படிப் பாக்குறீங்க. ஒரு மணியிலேர்ந்து இது மூணாவது வாட்டி சுத்துது. அழுக்கு முதல் வாட்டியே போயிடுச்சு. சும்மா உக்காந்திருந்தா கேமராவுல பாத்துட்டுக் கடைக்காரர் வந்து கேப்பாரு, அதான்.

உங்களுது இன்னும் எவ்வளவு நேரம் காட்டுது? இருபத்தாறு நிமிஷமா. அப்ப சரி.

பேரு என்னண்ணே? திருமுருகன். ஊருலேர்ந்து வந்து வேலை செய்யிறீங்க போல. ஏப்ரன்லாம் சுத்துதே, எதுத்தாப்புல சாப்பாட்டுக் கடையா? நான் குகன். காப்பார்லேர்ந்து மோட்டர் சைக்கிள்ல மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தேன். பேய் கேம் செய்யிறது என் வேலை. ஃபோன்ல மிட்டாய் உடைக்கிற மாதிரி இல்ல, பெரிய ஸ்கிரீன்ல, இருட்டுல, பயந்து பயந்து உயிர் பொழைக்கிற கேம். கிள்ளான்ல ஒரு மளிகைக் கடைக்கு மேல சின்ன ரூம். நானும் முகுந்தனும் ரெண்டே பேரு. கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவன் பாத்துக்குவான், கதை எனக்கு. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது.

ஆன்டி, வீரம்மா ஆன்டி, அதுக்குள்ள துணிய எடுத்துட்டீங்க? சொட்டச் சொட்ட இருக்கே. மேல கொடியில போட்டுக்குவீங்களா. சரி ஆன்டி, பாத்துப் போங்க.

வெளிய மழை ஊத்துது, எந்தக் கொடியில போடுவாங்கன்னு தெரியல. முன்ன ஒரு அங்கிளும் இப்படித்தான், போர்வைய உள்ள போட்டுட்டு டீ குடிக்கப் போனவரு வரவே இல்ல. நான் அதிகம் பேசுறவன் கிடையாதுண்ணே. சின்ன வயசுலேர்ந்து அமைதியானவன்னுதான் பேரு. குரலே எழும்பாது. மெதுவாப் பேசுறவன் கொஞ்சமாத்தான் பேசுவான்னு எல்லாரும் நம்பிடுறாங்க, அதுல எனக்கு ரொம்ப வசதி.

உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லியே? அவசரம்னா போங்கண்ணே, நான் ஒண்ணும் சொல்லல.

சரி. கேம் என்னன்னா, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல வெள்ளக்கார தொரை ஒருத்தன் கட்டிப்போட்ட பழைய பங்களா. கூரையில மரம் முளைச்சிருக்கு. மழைக்கு ஒதுங்கி உள்ள போறீங்க. கதவு மூடிக்கிது. கையில ஒரு அரிக்கேன் விளக்கு, பாதி எண்ணெய். சாவி தேடணும், எண்ணெய் தேடணும், அவ்வளவுதான். அப்ப ஆளுயரக் கண்ணாடி ஒண்ணுலேர்ந்து குரல் வரும். "வாடா தங்கம், நனைஞ்சிட்டியா. நான்தான் அத்தை." உங்கப்பாவுக்குத் தங்கச்சியே கிடையாது. ஆனா அந்தக் குரலைக் கேட்டதும், அவ இடுப்புல தூக்கிச் சோறு ஊட்டுன மாதிரி உங்களுக்கு நினைப்பு வந்துடும். அந்த நினைப்பை அவதான் உள்ள வைக்கிறா. மனுஷி இல்ல, செத்துப்போன ஆவியும் இல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேற ஒரு உலகம் இருக்கு, அங்க உள்ளவ. கத்தி எடுக்க மாட்டா, தொரத்த மாட்டா. கதை சொல்வா. நீங்க உம் கொட்டணும்.

எங்க தாத்தா ரெங்கசாமி கதை சொன்னா நாம உம் கொட்டிக்கிட்டே இருக்கணும். நிறுத்தினா கோவம் வந்துடும், ரெண்டு நாளைக்கு முகம் குடுக்க மாட்டாரு. நான் பயந்துக்கிட்டு தூக்கத்துலயும் உம் கொட்டுவேன். அதை அப்படியே தூக்கி உள்ள வச்சேன். கண்ட்ரோலர்ல ஒரு பட்டன், அதுக்கு வேலையே ம்-ங்கிறதுதான். நீங்க அமுக்குற ஒவ்வொரு உம்முக்கும் விளக்கு கொஞ்சம் மங்கும், அத்தை கண்ணாடிக்குள்ள ஒரு அடி கிட்ட வருவா. இருபதாவது உம்முல வெளிய வந்துடுவா. அப்புறம் நீங்க உள்ள, அவ வெளிய.

புரியுதாண்ணே? ம்-ங்கிறீங்க. உக்காந்ததுலேர்ந்து இது பதினேழாவதுன்னு நினைக்கிறேன்.

தப்பிக்க ஒரே வழி, அமுக்காம இருக்கணும். யாருமே அமுக்கச் சொல்லல. அவ பேசட்டும்னு விட்டுட்டு, சாவிய எடுத்துக்கிட்டு நடக்க வேண்டியதுதான். முதல்ல முகுந்தனோட கூட்டாளி, ஒரு சீனப் பையனைக் கூப்பிட்டு விளையாட வச்சோம். கீழ எழுத்துல ஓடுறதைப் படிச்சான், கதவைத் தொறந்தான், அஞ்சு நிமிஷத்துல பங்களா கேட்டுக்கு வெளிய நிக்கிறான். அவ்வளவுதானான்னு கேக்குறான். ஏண்டா நீ உம் கொட்டலன்னு கேட்டா, "அவ என்கிட்ட ஒண்ணும் கேக்கலியே"ங்கிறான். எட்டு மாச உழைப்பு, அஞ்சு நிமிஷம்.

அப்புறம் நம்ம ஆளுங்களை உக்கார வச்சோம். ஒருத்தர் பொழைக்கல. முகுந்தனோட அம்மா நல்லம்மாள் ஆன்டி ஒன்பது வாட்டி செத்தாங்க. ஒவ்வொரு வாட்டியும் சொன்னோம், ஆன்டி, பட்டனைத் தொடாதீங்கன்னு. "பாவம்யா, ஒத்தையில பேசிக்கிட்டு நிக்கிது, மூஞ்சியில அடிச்ச மாதிரி எப்படிப் போறது" அப்படின்னு அமுக்குறாங்க. பத்தாவது வாட்டி கேக்குறாங்க, இந்தப் பொம்பள சாப்பிட்டுச்சான்னு. அன்னைக்குத்தாண்ணே எனக்கு நம்பிக்கை வந்துச்சு, இந்தக் கேம் ஓடும்னு.

ஆனா அதுக்கெல்லாம் காரணம் எழுத்து இல்ல, குரலு. தாமரை குரலு. மேல இருக்காளே, அவதான். கிளினிக்குல பேரு கூப்பிடுற வேலை அப்ப. எனக்குக் காய்ச்சல்னு போயிருந்தேன். "குகன், ரூம் ரெண்டு"ன்னு கூப்பிட்டா. காய்ச்சலே விட்டுடும் போல இருந்துச்சு. ஒரே ஒரு வசனம் பேசிக் குடுங்கன்னு கேட்டேன். அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணே ஒண்ணு. எட்டு மாசம், ஒவ்வொரு சனிக்கிழமையும் இங்கேர்ந்து ரயிலேறிக் கிள்ளானுக்கு வந்து, வெளிச்சத்தம் வராம இருக்கக் கம்பளியைத் தொங்கவிட்ட ரூமுக்குள்ள வேர்த்து ஊத்தப் பேசுனா. நடுவுல நாங்க... பழகினோம். கல்யாணம் அது இதுன்னு வாய்விட்டுப் பேசிக்கல. பேசிக்கல என்ன, நான்தான் கேமைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தேன்.

அவ டீச்சருக்குப் படிச்சவ, அண்ணே. கடல் தாண்டி சரவாக்குல வேலை கெடைச்சிருக்கு, மீரிக்கு அந்தப் பக்கம் உள்ள தள்ளி. ரெண்டு மாசமாத் தெரியுமாம் அவளுக்கு. எனக்கு முகுந்தன் சொல்லித்தான் தெரியும், அதுவும் போன வாரம். எப்படி இருக்கும் எனக்கு?

கடைசி வசனம் என்னன்னு சொல்லவா? ஆட்டத்துல ஒருத்தன் எப்படியோ உம் கொட்டாம பங்களா கேட்டு வரைக்கும் வந்துட்டான்னு வைங்க. அப்ப பின்னாலேர்ந்து அத்தை குரல், ரொம்ப சன்னமா. "போறியா தங்கம்? போயிட்டு வா. நான் ஒண்ணும் சொல்லல. கதை மட்டும் பாதியில நிக்கிது." அவ்வளவுதான். திரும்பிப் பாத்தவன் செத்தான். திரும்பாம நடந்தவன் ஜெயிச்சான். நல்லா இருக்குல்ல? ராத்திரி முழுக்க யோசிச்சு எழுதுனது.

போன சனிக்கிழமை அதைக் கையில குடுத்தேன். படிச்சா. மறுபடி படிச்சா. ஹெட்ஃபோனைக் கழட்டி வச்சா. ஃபோனை எடுத்து எதையோ தேடி என் மூஞ்சிக்கு நேரா காட்டுறா. அவங்கம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு ஒரு நாள் சீக்கிரம் கிளம்புனா, அன்னைக்கு நான் அனுப்புன மெசேஜு. "போறதுன்னா போயிட்டு வா. நான் ஒண்ணும் சொல்லல. வேலை மட்டும் பாதியில நிக்கும்."

ஏதோ ஒத்துப் போயிடுச்சு, வார்த்தைதானேன்னேன். அவ விடல. விரலால மேல தள்ளிக்கிட்டே போறா. "சாப்பிடாம உக்காந்திருக்கேன், பரவால்ல, நீ மெதுவா வா." அது ரெண்டாவது மாடியில அத்தை சொல்றது. "உனக்கு எத்தனையோ பேரு இருக்காங்க, எனக்கு நீ மட்டும்தான்." அது கிணத்தடியில. "நீ அழுதா எனக்குத்தான் வலிக்கும், அதுக்காகவாவது அழாத." அது பெட்டிக்குள்ள ஒளிஞ்சிருக்கிறப்ப. எட்டு மாசமா அத்தைய எங்கேர்ந்துடா புடிச்சன்னு முகுந்தன் கேக்குறப்பல்லாம், கற்பனைடா, அப்படியே மேலேர்ந்து வந்து எறங்குதுடான்னு நான் சொல்லிக்கிட்டிருக்கேன். எறங்குனது என் ஃபோன்லேர்ந்து.

கோவமாக்கூட சொல்லல அவ. "இத்தனை நாளும் நீ என்கிட்ட பேசுனதை என் வாயாலயே பேச வச்சிருக்க குகன்"னா. பையைத் தூக்கிக்கிட்டு ரயிலுக்குப் போயிட்டா. அநியாயம்தானேண்ணே? ஒரு வசனம். திங்கக்கிழமை கேமை அனுப்பியாகணும். பையில மைக்கு வச்சிருக்கேன், இப்ப அவ கீழ வர்றப்ப இந்த மெஷின் எல்லாம் நின்னுச்சுன்னா எட்டே விநாடியில...

உங்க மெஷின் நின்னுடுச்சு. இருங்கண்ணே, இன்னும் ஈரம் இருக்கும், ஏப்ரன் தடியான துணி. மறுபடி ஒரு பத்து நிமிஷம் போடலாம், காசு நான் போடுறேன். முக்கியமான இடமே இனிமேதான் வருது. கடைக்குப் போகணுமா... சரி. போகணும்னா போங்க. நான் ஒண்ணும் சொல்லல. கதை மட்டும் பாதி...

...

கேட்டீங்களா. எழுதவே வேண்டியதில்ல, வாயிலயே உக்காந்திருக்கு. அவ ரெண்டு மாசமா சொல்ல வந்திருக்காண்ணே. ஒவ்வொரு சனிக்கிழமையும் மீரின்னு ஆரம்பிக்க வாயைத் தொறந்திருப்பா. நான் இன்னொண்ணே ஒண்ணுன்னு தாளை நீட்டியிருப்பேன். முகுந்தன்கிட்ட சொல்ல ஒரு நிமிஷம்தான் ஆச்சாம். அவன் உம் கொட்டுனானாம்.

போங்கண்ணே. நிஜமாத்தான் சொல்றேன், போங்க. அந்த ஏப்ரன் நாடா கீழ தொங்குது, பாத்து. வெளிய போற வரைக்கும் நீங்க ம்-னு சொல்லல. பொழைச்சிட்டீங்க.

...

லிஃப்ட்டு சத்தம். மூணு நாப்பதுதான் ஆகுது.

வா, தாமரை. மழை விட்டுடுச்சு பாரு... சட்டை துவைக்க வந்தேன். இல்ல. உன்னைப் பாக்கத்தான் வந்தேன்.

நான் பேசல. நீ சொல்லு.

ம்.

ம்.

மீரியிலேர்ந்து அப்புறம் நாலு மணி நேரமா? ரோடு எப்படி... ம். சொல்லு.

ம்.

படகுலயா. ம்.

அம்மா அக்கா வீட்டுல. ம்.

இல்ல, நான் அன்னைக்கு என்ன நினைச்சேன்னா... ம். ஆமா. ஆமா, கேக்கல.

ம்.

ம்.

பையிலயா? மைக்கு. வேணாம், நீ பேச வேணாம். "பரவால்ல, பேசுறேன்"னு நீ சொல்ற, எனக்குத் தெரியும், வேணாம். அந்த இடத்துல வசனமே கிடையாது. கேட்டைத் தொறக்குறாங்க, நடக்குறாங்க, பின்னால யாரும் கூப்பிடல. முகுந்தன்தான் இப்படி யோசனை சொன்னான்... முகுந்தன் சொல்லல. இப்பத்தான் தோணுச்சு.

ம்.

காரு வந்துடுச்சு. அந்தப் பெட்டிய நான்... சரி. நீயே இழுத்துக்கோ.

போயிட்டு வா, தாமரை. நான் ஒண்ணும்...

ம்.

...

திரும்பாத. தண்ணி தேங்கியிருக்கு, ஓரமாப் போ. திரும்பாம, அப்படியே நேரா... அப்படித்தான். பெட்டிய வை. கதவைத் தொற.

ஏறிட்டா.