ஞண்டுப்பிள்ளை

மத்தியானச் சோறு உண்ட பிறகு எனக்குத் தூக்கம் வராது. எல்லோரும் கண்ணயரும் நேரத்தில் நான் படம் பார்ப்பேன். இரண்டு மணிக்குத் தொடங்கினால் மூன்றரைக்கு முடிந்துவிடும். என் படங்கள் நீளம் குறைந்தவை.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் மலையாளத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் மலையாளத்தில்தான் எழுதினேன், அதில் எனக்குத் தடையில்லை. ஆனால் ஆனந்தலட்சுமியும் நானும் வீட்டில் தமிழ்தான் பேசினோம். இது வீட்டுக்குள் நடந்த காரியம். அதனால் தமிழில் எழுதுகிறேன். பாறசாலை ஸ்டேஷனில் இதை வாசித்துச் சொல்ல ஆளா கிடையாது?

என் பெயர் நீலகண்ட பிள்ளை. வயது அறுபத்து நாலு. ஊரில் ஞண்டுப்பிள்ளை என்று விசாரித்தால்தான் வீட்டைக் காட்டுவார்கள். நண்டை எங்கள் பக்கத்தில் ஞண்டு என்போம். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொன்னால் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியும்.

எண்பத்தெட்டில் களியக்காவிளையில் கனகதாஸ் என்பவர் வீடியோ கடை வைத்திருந்தார். கடையின் மேல்தட்டில் யாரும் தொடாத கேசட்டுகள் கிடந்தன. இன்றைக்கு அறுபது எழுபது வருடத்துக்கு முன்னால், வெளிநாட்டில், பெரிய கம்பெனிகள் வாசலிலேயே நிறுத்திய ஆட்கள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து இறங்கும் தட்டு, கண்ணாடிக் குடுவைக்குள் யோசிக்கும் மூளை, கடலிலிருந்து எழுந்து வரும் வீட்டளவு ஞண்டு. நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கடையை மூடும்போது எல்லாவற்றையும் ஓர் உரச்சாக்கில் கட்டி, "சாரே, இது ஒங்களுக்குள்ளதாக்கும். வேற ஒருத்தனும் தொடமாட்டான்" என்று தந்தார். பிறகு சிடி வந்தது, இப்போது எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது. தேடத் தெரிந்தால் போதும். எனக்குத் தேடத் தெரியும்.

அந்தப் படங்களைப் பார்த்து ஆட்கள் சிரிக்கிறார்கள். தட்டு நூலில் தொங்குவது தெரிகிறதாம். ஞண்டின் காலுக்கடியில் சக்கரம் தெரிகிறதாம். எனக்கும் தெரிகிறது. நான் குருடனில்லை. ஆனால் அந்த ரப்பர் தோலுக்குள் ஒரு மனிதன் மூச்சு முட்டி வியர்த்துக்கொண்டிருக்கிறான். ஆறு நாளில் படத்தை முடித்தாக வேண்டும், விளக்கு இல்லை, உதவிக்கு ஆளில்லை, இருந்தும் அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வருகிறான், உன்னைப் பயமுறுத்துவதற்காக. நீ செய்ய வேண்டியது பயப்படுவது ஒன்றுதான். அதைக்கூடச் செய்யாமல் பல்லைக் காட்டுகிறவனை எனக்குப் பிடிக்காது.

ஆனந்தலட்சுமி சிரித்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஞண்டுப் படத்தை அவளுக்காகவே இரண்டாவது தடவை எடுத்து வந்தேன். கடைசியில் ஞண்டு தீயில் வெந்து சாகும். அது தனக்கு என்ன நேர்கிறது என்று தெரியாமலே சாகும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்குகிறாள். "இஞ்ச பாருங்க, அதுக்க காலுக்க எடையில ஒரு மனுசனுக்க செருப்பு தெரியுது. அதுக்கா கரையுதிய?" என்றாள்.

அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. தன் தம்பி பரமசிவனிடம் சொன்னாள். அவன் கல்யாண வீடு, துட்டி வீடு என்று பாராமல் சொன்னான். ஒரு மாதத்தில் என் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. பத்திரம் பதிய வருகிறவன் கௌண்டருக்கு வெளியே நின்று, ஞண்டுப்பிள்ளை சார் இருக்கிறாரா என்று கேட்பான். முப்பது வருடம் கேட்டார்கள். என் மகள் லேகாவின் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியில், என் மனைவி கையை இடுக்கிபோல் விரித்து அந்த ஞண்டு நடப்பதை நடித்துக் காட்டினாள். சம்பந்தி அம்மாளுக்குப் புரையேறியது. நான் பாயசம் விளம்பிக்கொண்டிருந்தேன். வரிசையை முடித்துவிட்டுத்தான் வாளியைக் கீழே வைத்தேன்.

நான் கோபப்பட்டேன் என்று பரமசிவன் சொல்லியிருப்பான். நான் கோபப்படுகிறவனில்லை. அவனை வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொன்னது கோபத்தில் இல்லை.

அவளுக்கு உடம்பு மாறத் தொடங்கியது நான் பணியிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருடம் கழித்து. முதலில் குரல் கட்டியது. மேடமாதத்து வெயிலில் கம்பளி கேட்டாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு முற்றத்தில் போய் நிற்பாள். பிறகு பெயர்கள் மறந்தன. ஒரு நாள் மத்தியானம், போவதற்கு வேறு இடமில்லாததுபோல் என் அருகில் வந்து உட்கார்ந்தாள். ஞண்டுப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அது கடலிலிருந்து எழுந்தபோது அவள் என் கையைப் பிடித்தாள்.

"அது இஞ்ச வருமா?" என்று கேட்டாள். "எனக்குப் பேடியா இருக்கு."

வராது என்றேன். "நீங்க எழும்பிப் போயிராண்டாம்" என்றாள். நான் போகவில்லை. முப்பத்து நாலு வருடத்தில் முதல்தடவையாக ஒரு மனுஷி அந்தப் படத்தை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படிப் பார்த்தாள். ஞண்டு வெந்து செத்தபோது அழுதாள். மறுநாள் அதையே போட்டேன். மறுபடியும் புதிதாகப் பயந்தாள். இதில் எனக்குக் கிடைத்த நிம்மதியை மறைக்க மாட்டேன். ஆறு மாதம் அப்படிப் போயிற்று. டாக்டரிடம் காட்டலாம் என்று எனக்கும் அப்போதைக்கப்போது தோன்றியதுண்டு.

அந்த ஓணத்துக்கு லேகா புனேயிலிருந்து வந்தாள். அம்மாவின் வீங்கிய முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே அழுதாள். மறுநாளே நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனாள். ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சுத்தமாக வேலை செய்யவில்லை, மறதியெல்லாம் அதனால்தான், தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க, வேறொன்றும் வேண்டாம் என்றார் டாக்டர். குப்பியில் நூறு மாத்திரை. மொச்சைப் பருப்பில் பாதிகூட வராது ஒன்று. வெள்ளை நிறம்.

இரண்டரை மாதத்தில் ஆனந்தலட்சுமி திரும்பி வந்தாள். முகம் வற்றியது, குரல் தெளிந்தது, பால் பொங்குமுன் அடுப்பை அணைத்தாள். லேகா அப்போது ஒரு மாத கர்ப்பம். மகளின் பிரசவத்துக்கு ஆறு மாதம் புனேயில் போய் நிற்கப்போவதாக ஆனந்தலட்சுமி பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். ஒரு நாள் மத்தியானம் நான் ஞண்டுப் படத்தைப் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டேன். வாசல்படியில் நின்று கொஞ்சம் பார்த்தாள்.

"இதப் பாத்தா நான் பேடிச்சேன்?" என்றாள். "சீக்கு மனுசன என்ன பாடு படுத்துது பாத்தியளா." அப்படியே போனை எடுத்துப் பரமசிவனுக்கு அடித்து, தான் ஞண்டைப் பார்த்துப் பயந்த கதையைச் சொன்னாள். போனுக்குள் அவன் சிரிப்பது எனக்குக் கேட்டது. "அத்தானும் கூட இருந்து எனக்கு ஆறுதல் சொன்னாவ எலே, நெசமாட்டு ஞண்டு வந்த மாதிரி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த ஆறு மாதத்தை அவள் அவனுக்குக் கொடுத்துவிட்டாள். அது என்னுடையது. நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது.

மறுநாள் காலை ஹோமியோ கடைக்குப் போனேன். அங்கே மருந்து கலக்காத இனிப்பு மாத்திரை கிடைக்கும். கிட்டத்தட்ட அதே அளவு. குப்பியிலிருந்ததைக் கழுவுதொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். தினமும் ஆறரை மணிக்கு நானே எடுத்துக்கொடுப்பேன். ஒரு நாளும் தவறியதில்லை. "அவிய இருக்கதுனால எனக்கு மருந்து மறக்காது" என்று அவள் எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் ரத்னபாயிடம் பெருமையாகச் சொன்னதுண்டு.

மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமலில்லை. குப்பியோடு வந்த தாளை நான் வாசித்திருந்தேன். கடைசி வரிவரை வாசிப்பது என் தொழில்.

நாலு மாதத்தில் கம்பளி திரும்பி வந்தது. பெட்டி இறங்கிய இடத்துக்கே ஏறியது. அம்மாவால் பயணம் முடியாது என்று லேகாவிடம் சொன்னேன். மறுபடியும் ரத்தம் பார்த்தீர்களா அப்பா என்று கேட்டாள். பார்த்தேன், தைராய்டு சரியாக இருக்கிறது, இது வேறு மறதி, வயதானால் வருவது, திரும்பாது என்று சொன்னேன். அளவுகளைப் போனில் ஒவ்வொன்றாக வாசித்தேன். காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் வாசித்தேன். அவள் நம்பினாள். நான் தவறாக ஒரு பத்திரம் எழுதி யாரும் கண்டதில்லை என்று அவளுக்குத் தெரியும். குழந்தை பிறந்ததும் போனில் காட்டினாள். ஆனந்தலட்சுமி நிறைய நேரம் பார்த்துவிட்டு, "நல்ல பிள்ள. யாருக்க பிள்ள?" என்று கேட்டாள். நான்தான் போனை வாங்கி, நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி வைத்தேன்.

ரத்னபாய் ஒரு நாள் துடைப்பத்தோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"சாரே, அம்மா மருந்து இனிக்குதுண்ணு சொல்லுதாவ. முன்ன கைக்குண்ணுல்லா சொல்லுவாவ. ஒருக்கா டாக்டர்ட்ட கேக்கப்பிடாதா?"

நாக்கு மரத்துப்போனவர்களுக்கு அப்படித் தோன்றும் என்றேன். அந்த வாரத்தோடு அவளை நிறுத்திவிட்டேன். வீட்டு வேலையை நானே செய்தேன். சமைத்தேன், ஆனந்தலட்சுமியைக் குளிப்பாட்டினேன், தலை வாரினேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னைக் காட்டித் தங்கள் புருஷன்மாரைத் திட்டினார்கள். ஞண்டுப்பிள்ளை என்று யாரும் சொல்லவில்லை, பாவம் பிள்ளைவாள் என்றார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு அவளுக்குக் கம்பளி சுற்றி, நாற்காலியில் இருத்தி, பக்கத்தில் உட்கார்வேன். அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். பத்தொன்பது மாதம். அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

போன கர்க்கடக மாதம், மழை மூன்று நாளாக விடவில்லை. நான் பதினேழு வருடமாகத் தேடிய ஒரு படம் அன்றுதான் அகப்பட்டது. பழைய பிரதி, நடுவில் கீறல். தொடங்கி இருபது நிமிடத்தில் அவள் கண்ணை மூடினாள். மூன்று மணி வாக்கில் கையைத் தொட்டேன், ஈரத்துணிபோலக் குளிர்ந்திருந்தது. ஆனந்தி என்று கூப்பிட்டேன். தோளைப் பிடித்து அசைத்தேன். வாய் திறந்திருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நான் எட்டுவரை எண்ண முடிந்தது. படத்தில் இன்னும் இருபத்தைந்து நிமிடம் பாக்கி இருந்தது.

முடித்துவிட்டுத்தான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அந்த இருபத்தைந்து நிமிடத்தில் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்பது என் அபிப்பிராயம். டாக்டருக்கு வேறு அபிப்பிராயம்.

திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். லேகா மறுநாள் காலை விமானத்தில் வந்துவிட்டாள். ரத்தத்தில் அந்த மருந்தின் சுவடே இல்லை, ஒன்றரை வருடமாவது சாப்பிடாமல் இருந்தால்தான் இப்படி ஆகும் என்று டாக்டர் அவளிடம் சொன்னார். ரத்னபாயும் பார்க்க வந்திருந்தாள், இனிப்பைப் பற்றி அவள் சொன்னாள். லேகா டாக்சி பிடித்து வீட்டுக்குப் போய்க் குப்பியை எடுத்து, ஒரு மாத்திரையை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள். இரண்டு மணிநேரத்தில் திரும்பி வந்தாள்.

நரம்பு வழியாக மருந்து ஏறியதில் இரண்டாம் நாள் மாலை ஆனந்தலட்சுமி கண் விழித்தாள். லேகாவைப் பார்த்து, "மக்களே, நீ எப்பம் வந்தே? பிள்ளைய யாருட்ட விட்டுட்டு வந்தே?" என்று தெளிவாகக் கேட்டாள். பிறகு கட்டிலின் கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தாள். லேகாவின் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். "அவிய இஞ்ச நிக்காண்டாம். வெளிய போகச் சொல்லு மக்களே" என்றாள். நர்ஸ் என்னை வெளியே இருக்கச் சொன்னாள். மறுநாள் காலை மூச்சு நின்றுவிட்டது.

மாத்திரையை மாற்றியது நான். முழு நினைவோடு மாற்றினேன். ரத்தப் பரிசோதனை அளவுகள் நான் எழுதியவை. ஆம்புலன்சைத் தாமதித்தது நான். யாரும் என்னை ஏவவில்லை, யாருக்கும் இதில் பங்கில்லை. லேகா உங்களிடம் கொடுத்திருக்கும் புகாரை நீங்கள் காட்டினீர்கள், இரண்டு தடவை வாசித்தேன். தேதிகள் எல்லாம் சரி. நன்றாக எழுதியிருக்கிறாள்.

ஒரு திருத்தம் மட்டும் உண்டு. மூன்றாம் பக்கத்தில், 'அம்மாவுக்கு அப்பாவைப் பார்க்கவே பயமாக இருந்தது' என்று ஒரு வரி வருகிறது. அதை அடித்துவிட வேண்டும். முப்பத்தேழு வருடத்தில் நான் அவளை ஒரு சொல் சத்தமாகச் சொன்னதில்லை, கை ஓங்கியதில்லை. என்னைப் பார்த்து அவள் பயப்பட ஒரு காரணமும் கிடையாது.