ஆக்னஸின் மூன்று பற்கள்

உங்கள் முன்பல் இரண்டும் ஒரே நிறமில்லை, இன்ஸ்பெக்டர் தம்பி. வருத்தப்படாதீர்கள், யாருக்குமே அப்படித்தான். டாக்டர் எஸ்றாவின் பல் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக அதைப் பார்ப்பதுதான் என் வேலை. மாதிரிக்கு வைத்திருக்கும் பீங்கான் பற்களை ஒவ்வொன்றாக உதட்டோரம் பிடித்து, காலை வெளிச்சத்தில் ஒத்துப்போகிற நிறத்தின் எண்ணை மெட்ராஸுக்கு எழுதி அனுப்புவேன். பத்து நாளில் பல் வந்துவிடும். வைத்துவிட்டால் பெற்றவர்களுக்கும் தெரியாது.

என் மருமகள் ஆக்னஸுக்கு அப்படி மூன்று பல் வைத்தோம். என் மகன் சிலுவைக்குக் கப்பலிலிருந்து இறங்கினால் அவள்மேல் கை நீளும். மற்றபடி நல்ல பிள்ளை. மூன்றாம் தடவையும் படியில் விழுந்துவிட்டாள் என்றதும் டாக்டர், "உங்க வீட்டுப் படிய மொதல்ல இடிச்சுப் போடுங்கம்மா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பல் வரும்வரை அந்தப் பத்து நாளும் அவளை வாசலுக்கு விடமாட்டேன்.

அது எழுபத்து நாலாம் வருஷம். மாதா கோயில் திருவிழாவுக்கு அவள் அப்பா மனுவேல் மணப்பாட்டிலிருந்து வருவதாக இருந்தது.

"பல்லு வேண்டாம் மாமி. இப்படியே இருக்கட்டும். அப்பா பாத்தா என்னயக் கூட்டிட்டுப் போயிருவாவ."

"வாயத் தொறளா" என்று தாடையைப் பிடித்தேன். என் கையில் அத்தனை கச்சிதமாக நிறம் பொருந்தியது அந்தப் பல்தான். மனுவேல் வந்தார், மகளின் சிரிப்பைப் பார்த்தார், நிம்மதியாகப் பஸ் ஏறினார்.

மூன்று மாதம் கழித்து அவளைப் பெட்டியில் கிடத்தியிருந்தோம். கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னது நான்தான். உதடு கொஞ்சம் திறந்திருந்தது. ஈரம் காய்ந்தால் சொந்தப் பல் வெளுத்துப்போகும் தம்பி, பீங்கான் மாறாது. சுண்ணாம்பு வெள்ளைக்கு நடுவே என் மூன்று பற்கள் மட்டும் உயிருள்ள நிறத்தில் தெரிந்தன. மனுவேல் சங்கின் வெள்ளையைப் பார்த்தே தரம் பிரிக்கிறவர். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இந்த மூணும் எம்மவ பல்லு இல்லியே" என்றார்.

ஈரப் பஞ்சால் ஒரு தடவை துடைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், அவள் செத்த அன்று காலை சிலுவை தள்ளி விழுந்த பிறகும் அவளுக்கு மூச்சு இருந்தது. என்னைப் பார்த்து முனகினாள். பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு பல்கூட உடையவில்லை. அதனால் பெரிய அடி ஒன்றுமில்லை என்று, கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனேன்.