ஆறாவது சரணம்

– அதெல்லாம் ஆகாதுங்க கவிஞரே. ஊரே பாடிட்டிருக்கிற பாட்டுல போய் இன்னொரு சரணத்தை ஒட்டுவாங்களா?

– ஒட்டச் சொல்லலைங்க முதலாளி. வெட்டினதைத் திருப்பிக் கேக்கறேன். ஆறாவது சரணம்.

– நானா வெட்டினேன்? நீங்க விட்டுக் கொடுத்தீங்க. இதே மேஜையில... இல்ல, இது புதுசு, உங்க பாட்டுப் புண்ணியத்துல வந்தது. பழைய மேஜையில உக்காந்து, ரெக்கார்டுல அஞ்சு சரணம்தான் அடங்கும், ஒண்ணை எடுங்கன்னேன். ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நீங்க போட்ட சண்டை இருக்கே, உயிரையே விட்ருவீங்க போலிருந்துச்சு. ஆறாவதைப் பத்தி வாயே திறக்கல. சரி, மனுஷனுக்கு வேண்டாத சரக்கு அதுதான் போலன்னு தூக்கிட்டேன்.

– அங்கதான் ஏமாந்தேன். நான் ஜவுளிக்கடையில வளர்ந்தவன். வேணுங்கற துணிமேல கண்ணு போகக் கூடாது. பக்கத்துல கிடக்கறதைப் புரட்டிப் புரட்டிப் பேரம் பேசணும். கிளம்பறப்ப, போற போக்குல, ‘அதையும் சேத்துக் கட்டுப்பா’ங்கணும். ரெண்டையும் மூணையும் நான் கெட்டியாப் பிடிச்சதே கடைசில உங்களுக்கு விட்டுத் தர்றதுக்குத்தான். நீங்க முந்திக்கிட்டு அதை எனக்கு விட்டுத் தந்துட்டு ஆறாவதைத் தூக்கிட்டீங்க.

– நானும் கடைவீதிக்காரன்தான். அன்னிக்குன்னு பார்த்து இரக்கம் வந்து தொலைச்சுது. அட, இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? பாட்டுல கிழவன் பெத்த பொண்ணை வீட்டை விட்டுத் துரத்தறான். ‘வராதே மகளே, வாசல் மூடியாச்சு’ன்னு முடியுது. அந்த வரி வந்தா முடிவெட்டற கடையில கத்திரி நிக்குதுங்க. பஸ்ஸுல கண்டக்டர் விசிலை வாயில வச்சுக்கிட்டு ஊத மறந்து நிக்கறான்.

– ஆறாவதுல அந்தக் கிழவன் எழுந்து போய்க் கதவைத் தடவிப் பார்த்து, ‘மூடினேன் மகளே, தாழ் போடலையே’ங்கறான்.

– நல்லாத்தான் இருக்கு. ஆனா அழுதுக்கிட்டிருக்கிறவன் கையில கைக்குட்டையைக் கொடுத்தா அழுகை நின்னுடும். நின்னா மறுபடி போட்டுக் கேக்க மாட்டான்.

– முதலாளி, அந்தக் கிழவன் நான்தான்.

– என்னங்க சொல்றீங்க?

– எனக்கு ஒரே பொண்ணு. நாலு வருஷத்துக்கு முன்னால, லாரி ஓட்டற பையனைக் கட்டிக்கிட்டுக் கிளம்பினா. படியில நின்னு அந்த வார்த்தையைச் சொன்னது இந்த வாய்தான். எந்த ஊர்ல இருக்கான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல, விசாரிக்காத ஆள் இல்ல. லாரிக்காரன் வீட்டுல ரேடியோ இல்லாமயா இருக்கும், எங்கயாச்சும் அவ காதுல விழும்னுதான் எழுதினேன். அஞ்சு சரணமும் நடந்தது. ஆறாவதுதான் அவளைக் கூப்பிடறது. இப்ப எந்தத் தெருவுக்குப் போனாலும் அவளை வராதே வராதேன்னு நானே விரட்டிட்டிருக்கேன். எங்க வீட்டு ரேடியோவைப் பொண்டாட்டி பரண்ல தூக்கிப் போட்டுட்டா. பக்கத்து வீட்டு ரேடியோவை என்ன பண்ணுவா?

– இதை அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

– சொன்னா நீங்க விலை ஏத்திடுவீங்கன்னு நினைச்சேன்.

– ...உக்காருங்க. தண்ணி குடிங்க. பாடகர் வெளியூர்ல இருக்கார், வரட்டும். தனி ரெக்கார்டாப் போட முடியுதான்னு பார்க்கறேன்.

– சுவத்துல என்னங்க அது, கண்ணாடிச் சட்டம் போட்டு?

– அதுவா? யாரோ ஒரு பொண்ணு எழுதின கடுதாசி. உங்ககிட்ட மறைப்பானேன், பாட்டு ஓடினதே இதாலதான். முதல் ரெண்டு மாசம் கடையில ஈ ஓட்டினோம். இதை ரேடியோவுல படிக்க வச்சேன், மறுநாள்லேருந்து ரெக்கார்டு கையில நிக்கல. கேளுங்க: ‘கைக்குழந்தையோடு அப்பா வீட்டுக்குப் போகலாம் என்று துணிமணி கட்டி வைத்திருந்தேன். இந்தப் பாட்டைக் கேட்டேன். மூட்டையை அவிழ்த்துவிட்டேன்.’ எப்படி?

– அந்த ‘ழ’வைப் பாருங்க. வாலைச் சுருட்டி உள்ள விட்டிருக்கா.

– அதுல என்னங்க இருக்கு?

– எங்க கடைத் துணிக்கெல்லாம் விலைச்சீட்டு எழுதின கை, முதலாளி. உறை எங்க?

– பழைய ஆபீசைக் காலி பண்ணினப்ப குப்பையோட போயிருக்கும்.

– கடுதாசியிலயே விலாசம் எழுதியிருப்பா. கடையில பழகின பொண்ணு, எழுதாம விடமாட்டா. அடியில பாருங்க.

– எழுதியிருந்துச்சுங்க. ‘இந்தப் பாட்டை எழுதியவர் தனக்கு வேண்டியதைக் கடைசியில்தான் கேட்பார், இதற்குமேல் இன்னொரு சரணம் இருக்க வேண்டும், இருந்தால் இந்த விலாசத்துக்கு அனுப்புங்கள்’னு அடியில நாலு வரி. எனக்கு ஒண்ணும் விளங்கல, சட்டத்துக்குள்ளயும் அடங்கல... வெட்டிட்டேன்.