பிளாட்டினம் ஒன்றும் செய்யாது

எங்கள் ஆய்வகத்தில் காப்பிக் கோப்பைகளைக் கழுவி வைப்பது நான்தான். யாரும் சொல்லிச் செய்வதில்லை. கூடமாட ஒத்தாசையாக இருப்பது என் சுபாவம். தாக் உன்சோ விஷயத்திலும் நான் செய்தது அதுதான். நீங்கள் கேட்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

தென்கொரியாவின் தேஜோன் நகரில், பேராசிரியர் பியோனிடம், தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் வேலை எங்களுக்கு. நான் மூத்தவன். உன்சோ பிறகு வந்தவள். வாண்டோ தீவில் கடற்பாசி வளர்க்கும் குடும்பம். அந்த ஆண்டு ஒரே ஒரு நிரந்தரப் பதவி வந்தது. எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

ஊர்க் கடற்பாசியைக் கரியாக்கி, விலையுயர்ந்த பிளாட்டினம் இல்லாமலே ஹைட்ரஜன் எடுக்கலாம் என்றாள் அவள்.

"சூப்புல போட வேண்டியத பீக்கர்ல போடறியேம்மா" என்று கேலி செய்தேன்.

"வேலை செஞ்சா உங்களுக்கு ரெண்டும் தரேன், சீனியர்" என்றாள்.

கரி சுமாராக வேலை செய்தது. சுமாரான, நேர்மையான முடிவு யாரையும் கவிழ்க்காது. அதற்கே பேராசிரியர் அந்தப் பதவியை அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார் போலிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அமிலத்தில் இரண்டு முனைகளை இறக்க வேண்டும். ஒன்றில் அவள் கரி. மற்றது மந்த மின்முனை. அது மின்சாரத்தைக் கடத்திவிட்டுத் தன்பாட்டுக்கு நிற்க வேண்டும், வினையில் கலந்துகொள்ளக் கூடாது. அதற்கு அவள் பென்சில் கரித்தண்டை வைத்திருந்தாள். மிகச் சரியான தேர்வு.

"இது உதிரும்மா. என் பிளாட்டினம் கம்பிய வச்சுக்க. அது ஒண்ணும் பண்ணாது, கல்லு மாதிரி நிக்கும்."

"அப்ப உங்களுக்கு, சீனியர்?"

"நான் பாத்துக்கறேன். ஜெயிச்சா பன்றிக்கறி வாங்கிக் குடு."

குனிந்து இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். மூத்தவர் கொடுத்த பொருளை "இது சரிதானா" என்று கேட்பது எங்களிடையே முகத்தில் அடிப்பதற்குச் சமம். அவள் நன்றாக வளர்க்கப்பட்ட பெண்.

பிளாட்டினம் அப்படியொன்றும் சாது அல்ல. அமிலத்தில் நெடுநேரம் மின்சாரத்தால் விரட்டினால் துளித்துளியாகக் கரையும். கரைந்தது எதிர்முனைக்குப் போய்க் கரியின் மேல் உட்காரும். ஹைட்ரஜன் எடுப்பதில் பிளாட்டினத்தை மிஞ்ச ஆள் கிடையாது. வேலையைச் செய்வது அது, பெயர் வாங்குவது கரி.

"கிம்ச்சி ஊறுகாய் மாதிரி, நாளாக நாளாக நல்லா ஆகுது, சீனியர்" என்று குதித்தாள். நானும் கைதட்டினேன். அவள் சாப்பிடப் போகும்போதெல்லாம் மின்னழுத்தத்தைச் சற்றே கூட்டி வைத்தேன்.

ஒருநாள், "கம்பி இளைச்சிருக்கே?" என்றாள்.

"நீதான் இளைச்சுட்ட. போய்ச் சாப்பிடு."

அவள் திரும்புவதற்குள் புதுக் கம்பி மாட்டிவிட்டேன்.

பூசான் மாநாட்டில் தொலைக்காட்சிக்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் அப்பா கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, பார்த்தவர்களுக்கெல்லாம் கடற்பாசிப் பொட்டலம் கொடுத்தார். எனக்கும் இரண்டு கிடைத்தன. வீடு திரும்பியதும் ஒசாகாவில் இருக்கும் நண்பருக்கு எழுதினேன்: பிளாட்டினம் கம்பிக்குப் பதில் கரித்தண்டு வைத்து ஒருமுறை செய்து பாருங்கள். அறிவியல் என்றால் யாராவது சரிபார்க்க வேண்டாமா?

அவர் செய்து பார்த்தார். கடற்பாசி பழையபடி சுமாராகத்தான் இருந்தது. உன்சோவின் கரியைச் சோதித்தார்கள்; மேலெல்லாம் பிளாட்டினம். விசாரணைக் குழு எங்கள் இருவரையும் அழைத்தது.

"இந்தக் கம்பிய யாரும்மா குடுத்தது?" என்று தலைவர் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் பெரியவர்கள் முன்னால் மூத்தவரின் முகத்தைக் கெடுக்க இளையவர்களுக்கு நாக்கு எழாது.

"நானா எடுத்துக்கிட்டேன். சீனியருக்குத் தெரியாது."

வேண்டுமென்றே பிளாட்டினம் கலந்து ஏமாற்றினாள் என்று எழுதிக்கொண்டார்கள். பட்டமும் போயிற்று. இப்போது வாண்டோவில் அப்பாவோடு பாசி உலர்த்துகிறாளாம். பதவி எனக்கு வந்தது.

அன்று அவள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். பாவமாக இருந்தது, நிஜமாகவே. ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினேன். மறுத்துப் பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அது அவளாக எடுத்த முடிவு. அடுத்தவர் விஷயத்தில் நான் எப்போதும் தலையிடுவதில்லை.