கோடி வீட்டு மாவு டின்

எலியைப் பற்றித் தெரிந்துகொள்ள எலியைப் பார்க்க வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. புழுக்கையைப் பார்த்தால் போதும். இரண்டு முனையும் கூராக இருந்தால் கூரையில் ஓடுகிற வீட்டெலி. பருத்து மழுங்கியிருந்தால் சாக்கடை எலி. சுவரோரத்தில் எண்ணெய்க் கை பட்டதுபோல் கறுத்த கோடு தெரிந்தால், அதுதான் அவை தினமும் போய்வரும் பாதை. ஜொகூர் பாருவில் ஒன்பது வருடம் எலி ஒழிக்கிற இந்த வேலைதான் பார்த்தேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் பாலோவுக்குப் பக்கத்திலிருக்கும் இந்த ரப்பர்த் தோட்டத்துக்குத் துரை என்னை 1929இல் வரவழைத்தார்.

ஆறே மாதத்தில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயங்களில் எலியைப் பாதியாகக் குறைத்தேன். ஒருவர்கூட நன்றி சொல்லவில்லை. சபாபதி என்கிற என் பெயரை விட்டுவிட்டு, எலிக்கு ஒரு குமாஸ்தா என்கிற மாதிரி எலிக் கிராணி என்று கூப்பிட்டார்கள். மீன் முள்ளை வாசலிலேயே வீசுகிற ஜனம். சோற்றுப் பானையை மூடுவதற்குக்கூட அவர்களுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டும்.

கடைசி லயத்துக் கோடி வீட்டில் இருந்த வெள்ளையம்மா மட்டும் வேறு மாதிரி. பால்மரம் சீவுகிறவள், எழுத்து வாசனை இல்லாதவள். சுவர் ஓட்டைகளைப் பாட்டில் துண்டும் களிமண்ணும் வைத்து அடைத்திருந்தாள். அரிசி மூட்டை உத்தரத்தில் தொங்கியது. மாவு ஒரு பழைய பிஸ்கட் டின்னில், இறுக்கமான மூடிக்குள். மூன்று நாள் அந்த வீட்டுத் தரையில் மாவு தூவிப் பார்த்தேன். ஒரு கால் தடம் விழவில்லை.

துரை லயம் பார்க்க வந்தபோது, இந்த வீட்டில் மட்டும் ஏன் எலி இல்லை என்று கேட்டார். என் பாஷாணத்தின் பலன் என்றேன். அவள் குறுக்கே வந்தாள்.

"இல்லீங்க தொரை. நம்ப வூட்ல இவரு மருந்தே வெக்கல. நாந்தான் வேணாம்னுட்டேன். ஓட்டைய அடைச்சிட்டா எலி எதுக்கு லா வரப்போவுது?"

துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாகப் புரியும். வாய்விட்டுச் சிரித்தார். எல்லா வீடுகளிலும் அவள் சொல்கிறபடி செய்ய உத்தரவிட்டார். இரண்டு வாரம் அவள் முன்னால் போய் ஓட்டைகளைக் காட்டினாள். நான் களிமண் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அவள் முறை பயனற்றது என்று நிரூபிப்பது என் கடமை. கூண்டில் இருந்த இரண்டு எலிகளை அவள் வீட்டுக்குள் விட்டேன். மறுநாள் காலை இரண்டும் செத்து, என் கதவுத் தாழ்ப்பாளில் வாலால் தொங்கின. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கூடியிருந்தார்கள். "ஐயா, உங்க சொந்தக்காரங்க ரெண்டு பேரு வழி தவறி நம்ப வூட்டுக்கு வந்துட்டாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாதக் கடைசியோடு என்னை அனுப்பிவிடலாம் என்று துரை சொன்னதாக தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் வந்து சொன்னார். ஒன்பது வருட அனுபவத்துக்குப் பதிலாக ஒரு வாளி களிமண். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவளுக்கு வயிற்றுக்கு ஆகாமல் போனால், அந்த வீட்டிலும் எலி புகுந்துவிட்டது என்று ஊர் பேசும். என் யோசனை அவ்வளவுதான். நாற்பது எலிக்கு வைக்கிற அளவுதான் எடுத்தேன். அவள் எலியைவிடப் பெரியவள் அல்லவா?

மதியம் வேலை முடிந்து வந்து அடை சுட்டுத் தின்றாள். சாயங்காலம் போய்விட்டாள். அவள் புருஷன் காளியப்பன் பாலோவில் பல் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தான். வாயில் ஒன்றும் வைக்க முடியாததால் பிழைத்தான். டிரெசர் காலரா என்றார். எலி வாய் வைத்ததைத் தின்றால் இப்படித்தான் என்று நானும் லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். நம்பினார்கள். எதைச் சொன்னாலும் நம்புவார்கள்.

காளியப்பன் மட்டும் என் வாசலில் வந்து நின்றான். "எங்க வூட்ல எலியே இல்லீங்களே ஐயா. நீங்கதானே மாவு தூவிப் பாத்தீங்க" என்றான். கன்னம் வீங்கி, பேச்சுக் குழறியது. நான் கதவைச் சாத்திக்கொண்டேன். மிச்ச அடையை அவன் கோழிகளுக்குப் போட்டிருக்கிறான். ஆறும் செத்ததும், டின்னை உடுத்துகிற சாரத்தில் கட்டி உங்களிடம் எடுத்து வந்துவிட்டான். இத்தனை கோழிக்கும் ஒரே நேரத்தில் காலரா வராது என்று யோசிக்கும் அளவுக்கு அவனுக்கு மூளை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் தவறு அது ஒன்றுதான்.

பாஷாணம் தின்ற எலி மாவில் வாய் வைத்திருக்கலாம் என்று டிரெசர் எனக்காகச் சொல்லிப் பார்த்தார். நல்ல மனிதர், விஷயம் தெரியாதவர். அந்த மூடியை எந்த எலியாலும் திறக்க முடியாது. தொழில் தெரிந்தவன் நான், பொய்ச் சாட்சி சொல்ல மாட்டேன்.

திறந்தது நான். எல்லோரும் மரம் சீவப் போயிருந்தார்கள், காலை எட்டு மணி. மாவில் கலந்ததும் நான். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: கலந்து முடித்ததும் மூடியை அழுத்தி மூடிவிட்டுத்தான் வந்தேன். எலி வாய் வைத்த மாவை ஒரு மனுஷி தின்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.